திறப்பு விழா ஆகாத ரோபோ

எங்கள் பட்டறை முதலாளிக்கு அதை ரோபோ என்று சொன்னால்தான் பிடிக்கும். பார்த்தால் தள்ளுவண்டிக்கு டாங்கி பெல்ட் மாட்டியதுபோல் இருக்கும். மேலே ஒரு கேமரா, பின்னால் நீளமாக ஒயர். தீப்பிடித்த இடம், வாயு கசிந்த இடம் என்று எங்கேயும் ஆளுக்கு முன்னால் அது போகும். உள்ளே எது எங்கே கிடக்கிறது என்று வெளியே டிவியில் காட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில், அதற்கு ஒயர் பற்றவைத்தவள் நான். சோதனை ஓட்டம் பார்க்க வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் கேமராவைத் தட்டிக்கொடுத்து, "இனிமே முன்னாடி நீ போ நைனா, பின்னாடி நான் வரேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மறுவாரமே அடுத்த தெரு ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிந்தது. கண் எரிய வாசலுக்கு ஓடினோம். அதே வீரர் மூச்சிரைக்க வந்தார்.

"அக்கா, உள்ள ஒர்த்தன் மாட்டிகினு கீறான். எந்த மூலைன்னு தெர்ல. வண்டிய அனுப்புக்கா. எடம் தெரிஞ்சா நேரா பூந்து தூக்கிகினு வந்துருவேன்."

நான் ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுவிட்டேன். முதலாளி குறுக்கே வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை ஆவடியிலேர்ந்து பெரிய ஆபீசருங்க இதப் பார்க்க வர்றாங்க. இன்னும் பூஜை போடலை, ரிப்பன் வெட்டலை. அந்த கேஸ்ல போனா பெயின்ட் என்னத்துக்கு ஆகும்?"

"உள்ள ஆளு சார்!" என்று கத்தினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கண்ட்ரோல் பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏதோ குழந்தையைக் காப்பாற்றிவிட்டவர்போல் பெருமூச்சு வேறு. பாவி!

வீரர் அதற்குமேல் நிற்கவில்லை. ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினார். உள்ளே மூலை மூலையாகத் தடவித் தேடியிருக்கிறார். அந்தத் தொழிலாளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவன் பிழைத்தான். இவருக்குத்தான் அமோனியாவில் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீசர்கள் வரவே இல்லை. விழா ஒரு மாதம் தள்ளிப்போனது. அதுவரை பெயின்ட் பத்திரமாக இருந்தது.

விழாவன்று பெல்ட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம், கேமராவுக்குச் சந்தனப் பொட்டு. காலி ஷெட்டுக்குள் சாம்பிராணிப் புகை போட்டு, துணிக்கடை பொம்மை ஒன்றைப் படுக்கவைத்திருந்தார்கள். ரிப்பன் வெட்டியதும் ரோபோ உள்ளே போனது. பொம்மையைக் காப்பாற்ற எவ்வளவு அவசரம்! டிவியில் பொம்மை தெரிந்ததும் ஒரே கைதட்டல்.

பொன்னாடை போர்த்துகிறேன் என்று முதலாளி அந்த வீரரையும் வரவழைத்திருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கைதட்டல் கேட்டு என் பக்கம் திரும்பினார்.

"படம் வந்துருச்சாக்கா? ஆளு எந்த மூலைல கீறான்?"

நான் டிவியைப் பார்த்தேன்.

"இடதுபக்க மூலையில தம்பி" என்றேன். படம் அத்தனை தெளிவாக இருந்தது.