இரவல் வண்டி

தங்கவயலை விட்டு பெங்களூருக்கு வந்தபோது சின்னப்பாவுக்கு இங்கே இருந்த ஒரே உறவு அக்கா யசோதாதான். நீலசந்திராவில் அவள் வீட்டிலேயே தங்கினான். அவள் புருஷன் நாராயணசாமிக்கு ஆஸ்டின் டவுனில் சைக்கிள் கடை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் சின்னப்பா அடுகோடியில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஊருக்குள் தபாலும் சாமானும் கொண்டுபோக அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. "மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸோட வா, உனக்கே தர்றேன்" என்றார் மேனேஜர்.

நாராயணசாமியிடம் ராணுவத்தார் ஏலம் விட்ட பழைய இங்கிலீஷ் வண்டி ஒன்று இருந்தது. அவருக்கும் லைசென்ஸ் இல்லை, சந்துக்குள் ஓட்டிக் காட்டுவதோடு சரி. "ரெண்டு பேரும் சேர்ந்தே பழகலாம் மச்சான்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

விடிகாலையில் மைதானத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான் சின்னப்பா. தரையில் சுண்ணாம்புத் தூளால் எட்டுப் போடுவதும் அவனே. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. நாராயணசாமிக்கு மட்டும் எட்டின் நடுவில் கால் தரைக்குப் போய்விடும். நடக்க வந்தவர்கள் நின்று பார்த்து, "தம்பி நல்லா ஓட்டுறாரு" என்பார்கள். மாமாவின் முகம் சுருங்குவதைச் சின்னப்பா கவனித்தான். பிறகு வேண்டுமென்றே அவனும் இரண்டொரு தடவை கால் ஊன்றினான்.

டெஸ்ட் அன்று நாராயணசாமியை முதலில் கூப்பிட்டார்கள். எட்டுக்குள் இரண்டு முறை கால் ஊன்றினார். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார் அதிகாரி.

"மாமா, அடுத்து என் பேரு. வண்டியக் குடுங்க."

"வண்டியில என்னமோ கோளாறு. கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கணும்."

"இதோ முடிஞ்சிடும் மாமா..."

"கோளாறுன்றேன்ல? நீ விழுந்து செத்தா உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"சின்னப்பா! காடி எல்லி?" என்று கன்னடத்தில் அதட்டினார் அதிகாரி. வண்டி எங்கே என்று கேட்டவருக்கு அவன் தெருவைக் காட்டினான்.

அப்போதுதான் டெஸ்டில் தேறி நின்றிருந்த ஓஸ்வால்ட் என்ற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் பக்கத்தில் வந்தார். "என் வண்டிய எடு மேன். ஆனா பாத்துக்கோ, இதுல கியர் லெஃப்ட்ல, பிரேக் ரைட்ல." புது ஜாவா. மூலையில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். விஷயம் மண்டைக்குப் புரிந்தது, கால்களுக்குப் புரியவில்லை. எட்டின் வளைவில் கியர் என்று நினைத்து வலது காலை அழுத்தினான். வண்டி குத்திட்டு நின்று சாய்ந்தது. விளக்குக் கண்ணாடி நொறுங்கியது.

"போகட்டும் மேன்" என்றார் ஓஸ்வால்ட். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடா ஆச்சு?"

"ஃபெயில்."

அவர் முகம் தெளிந்தது. "யசோதா, தம்பிக்குச் சோறு போடு. கறி ரெண்டு துண்டு சேர்த்துப் போடு."

"வண்டி குடுத்தீங்களா இவனுக்கு?"

"வண்டி ரிப்பேரு."

வாசலில் நின்ற வண்டியை யசோதா எட்டிப் பார்த்தாள். பிறகு சோற்றைப் போட்டு, கறியில் இரண்டு துண்டு சேர்த்து வைத்தாள்.

கம்பெனியில் அந்த மோட்டார் சைக்கிள் வேலை வேறொருவனுக்குப் போனது. அடுத்த மாதம் நாராயணசாமி தேறி, மைசூர்பாக்கோடு வந்தார். "எடுத்துக்கோ மச்சான்." அக்கா கண்ணால் கெஞ்சினாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மறு வாரம் அடுகோடியில் தனி அறை பார்த்துப் போய்விட்டான்.

"நான்தான் கத்துக்குடுத்தேன், அவனுக்கு வரல" என்று மாமா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அது சின்னப்பாவின் காதுக்கும் எட்டியது. அக்கா அந்த வீட்டில்தானே இருக்க வேண்டும்? யார் கேட்டாலும் அவனும், "ஆமா, எனக்கு அது வரலை" என்றே சொல்லிவந்தான்.