மூடியைக் கழற்றியது யார்

என் வீட்டுக்காரருக்கு மெஷினில் வலது கை விரல் இரண்டு போன எட்டாம் நாள், அவர் வேலை செய்த கம்பெனியிலிருந்து ஒரு அம்மா பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் டைப் அடித்த காகிதம். இவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

வாங்கிப் படித்தேன். ‘மெஷின் ஓடும்போது கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டேன்.’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தே யாராவது விரலைக் கொண்டுபோய் விடுவார்களா? இதில் கையெழுத்துப் போட்டால் பழி முழுக்க இவர் தலையில்தான், வேலையும் போய்விடும். போட மாட்டார் என்றேன்.

அந்த அம்மா சளைக்கவில்லை. பேனாவை எடுத்து ‘கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டேன்’ என்பதை அடித்துவிட்டு ‘கை சிக்கியது’ என்று எழுதினார். மெஷினுக்கு மேலே இருக்கவேண்டிய மூடி என்ன ஆனது என்று கேட்டேன். அதற்கும் ஒரு வரி சேர்த்தார்: ‘மூடி கழன்றிருந்தது.’ இப்போது யார் மேலும் தப்பு இல்லை, சரிதானே என்றார்.

நல்லா இருக்குது நியாயம்! நான் தினமும் தறியில் உட்காருகிறவள். தறியில் நீளமாகக் கட்டிய பாவில் இழை தானாகப் போனால் அறுந்துச்சு என்போம். ஒருத்தி கை பட்டுப் போனால் அறுத்துட்டா என்போம். அறுந்து, அறுத்து: நடுவில் மாறுவது ஒரே எழுத்து. அந்த ஒரு எழுத்துக்காக எங்கள் தெருவில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. நாலு போல்ட் போட்டு முடுக்கிய இரும்பு மூடி தானாகக் கழன்று இறங்கிப் போகுமா? யார் கழற்றினார்கள் என்று எழுதுங்கள், அப்புறம் கையெழுத்து என்றேன். எழுதாவிட்டால் நாளைக்கு அதே மெஷினில் நிற்கிறவருக்கும் இதே கதிதான்.

அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த இவர் திரும்பினார்.

“நான்தான் கழட்டினேன். வேலை சீக்கிரம் ஆவணும்னு சூப்பர்வைசர் கழட்டச் சொன்னாரு.”

எட்டு நாளாக என்னிடம்கூடச் சொல்லவில்லை, மனுஷன். அப்படியானால் முதலில் டைப் அடித்ததே சரி என்று அந்த அம்மா காகிதத்துக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பின்பக்கம் திருப்பி, ‘சூப்பர்வைசர் கழற்றச் சொன்னார்’ என்று எழுதினேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பொய் ஒன்றும் இல்லையே.

இவர் எட்டிப் பார்த்தார்.

“நான் கழட்டினதையும் எழுது. நான் என்னை மறைச்சா, கம்பெனிக்காரங்க சூப்பர்வைசரை மறைச்சிடுவாங்க.”

எழுதினேன்.