மீட்டர் பார்க்கப் போன இடத்தில் முந்திக்கொண்டவர்கள்

கரண்ட் மீட்டர் பார்க்கிற வேலைக்கு நல்ல கண் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல கால் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கும் தபால்காரர்களே, சிலிண்டர்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளில் அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் நான் போன வீடுகளில், ஆபத்து மேலே வந்து விழும்வரை காத்திருக்காமல் முந்திக்கொண்ட சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒரு பெண்ணை அதற்காகவே ஜெயிலில் தள்ளப் பார்த்தார்கள்.

குடை

மண்ணூர்பேட்டையில் ஒரு வீட்டு நாய்க்கு எங்கள் ஆபீஸே பயப்படும். அன்றைக்குக் கூட வந்த லோகநாதன் மட்டும் அசரவில்லை. நாய் உறுமிக்கொண்டு பின்னங்காலை மடக்கியதுதான் தாமதம், பட்டன் குடையை அதன் மூக்குக்கு நேரே நீட்டிப் படக்கென்று விரித்தார். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்தது. நான் ரீடிங் எடுத்து, கார்டில் எழுதி, தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகும் வெளியே வரவில்லை. வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தக் காவலுக்கு வெச்சிருந்தேன் அண்ணாத்தே, இனிமே இத்தக் காவல் காக்க ஒரு ஆள் வேணும் போலக்கீது."

மரப்பெட்டி

நசரத்பேட்டையில் மாடு வைத்திருந்த பட்டம்மா வீட்டு மீட்டர், கொட்டகைச் சுவரில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே சுருண்டிருந்த நல்ல பாம்பு தலையைத் தூக்கிப் படமெடுத்தது. என் முகத்துக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பால் கறந்துகொண்டிருந்த பட்டம்மா எப்போது எழுந்தாள், எப்போது வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாம்பு பின்னால் சாய்ந்த அந்த நொடியில் கதவை அறைந்து சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றுவிட்டாள். உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். என் மூக்கில் விழ வேண்டியது அது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் மூச்சுகூட வாங்காமல் சொன்னாள்: "போன வாட்டி ரீடிங்கே போட்டுக்கோ நைனா, அது இன்னிக்கு எடம் குடுக்காது."

கஞ்சி

நெமிலிச்சேரியில் செல்வி, கணவன் இறந்தபின் இரண்டு பெண் குழந்தைகளோடு ஓர் அறை வீட்டில் இருந்தாள். அந்த வீட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லி, கணவனின் அண்ணன் ஆறு மாதமாக மிரட்டிக்கொண்டிருந்தான். அடுத்த தடவை வெறுங்கையோடு வரமாட்டேன் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நான் அவள் வீட்டுக்குள் ஸ்டூல் மேல் நின்று ரீடிங் எடுக்கிறேன். அவள் சோறு வடிக்கப் பானையைத் தூக்குகிறாள். அண்ணன்காரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். முதுகுக்குப் பின்னால் இருந்த வலது கை முன்னால் வந்தபோது அதில் கத்தி இருந்தது. நான் எச்சில் விழுங்குவதற்குள், செல்வி கொதிக்கிற கஞ்சியைச் சோற்றோடு அந்தக் கையைப் பார்த்து வீசிவிட்டாள். கத்தி விழுந்தது. அதைக் காலால் எட்டத் தள்ளினாள். அவன் அலறிக்கொண்டு ஓடிய பிறகு, ஸ்டூலில் உறைந்து நின்ற என்னிடம் சொன்னாள்: "பாத்து எறங்கு சார், சோத்து மேல கால வெச்சிடாத."

ஸ்டேஷன்

அவன் கையில் கட்டோடு போய்ப் புகார் கொடுத்தான். தான் அவளைத் தொடவே இல்லை, அவள்தான் முதலில் அடித்தாள் என்றான். இருந்த ஒரே சாட்சி நான். அந்தத் தெருவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் போயாக வேண்டும். அது அவனுக்கும் தெரியும். ஆனால் பெஞ்சில் அந்தக் குழந்தைகள் இரண்டும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கத்தியைப் பார்த்தேன், இருவருக்கும் நடுவில் இரண்டடிதான் இருந்தது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

"அவன் உன்ன அடிக்கவே இல்லியேம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

செல்வி குரலை உயர்த்தவில்லை. "அவன் மொதல்ல வெட்டட்டும்னு நான் பாத்துகினு நின்னிருந்தா, இப்ப நீங்க கேக்கறதுக்குப் பதில் சொல்ல யாரு சார் இருந்திருப்பா?"

இன்ஸ்பெக்டர் கேஸ் போடாமல் அனுப்பிவிட, அன்று சாயங்காலமே செல்வி குழந்தைகளோடு வீட்டுக்குப் போய் மறுபடி உலை வைத்தாள்; நான்தான் அதற்கப்புறம் எந்த வீட்டில் சோறு கொதித்தாலும், மீட்டர் பார்க்க வந்திருக்கிறேன் என்று வாசலிலேயே இரண்டு தடவை சொல்லாமல் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.