இரண்டு கிலோவும் மூன்று சைபரும்

என் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரி மாடியில், வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்திருந்தார்கள். மூச்சு சீராகிவிட்டது, பாலும் இறங்குகிறது, எடை இரண்டு கிலோ ஆனதும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு உலகத்தில் வேறு செய்தியே இல்லாமல் போயிற்று.

அந்த நாட்கள் இப்போது தனித்தனியாக நினைவில் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட காலைப்பொழுதாகிவிட்டன. தூக்கம் கெட்ட கண்ணுக்கு வராந்தா வெளிச்சம் தண்ணீரில் கிடப்பதுபோல் தெரியும். வெளியே கோட்டுச்சேரி பஸ் ஹாரன் அடிப்பதும், உள்ளே ஏதோ மெஷின் விட்டுவிட்டுக் கூவுவதும் ஒன்றோடொன்று கலந்து வரும். கடல் காற்றில் ஜன்னல் திரை உப்பி, மெல்ல அடங்கும். அது அடங்கும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும்தான் என்னை உள்ளே விடுவார்கள். காலையில் எடை போடும்போது நான் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் கதவைப் பாதி திறந்து எடையைச் சொல்லிவிட்டுப் போவார்.

“ஒண்ணு எட்டு, டீச்சர்.”

“வெறும் எட்டா, எட்டு சைபர் சைபரா?”

“எல்லாம் ஒண்ணுதானே டீச்சர்?”

“ஒண்ணு இல்ல சிஸ்டர். வெறும் ஒண்ணு எட்டுன்னா கொஞ்சம் கூடவும் இருக்கலாம், கொறையவும் இருக்கலாம். சைபரையும் சேத்துச் சொல்லுங்க.”

சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர்மேல் தப்பில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். முக்கிய எண்ணுருக்கள் என்று ஒரு பாடம் உண்டு. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது வேப்பங்காய். ஓர் எண்ணில் எந்தச் சைபர் கணக்கில் வரும், எது வராது என்பதுதான் விஷயம். இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் மாட்டிய சைபர் எப்போதும் வரும். முன்னால் நிற்பது வராது, அது இடம் பிடிக்க வந்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசியில் நிற்கும் சைபர் வரும், ஏனென்றால் அது ஒருவர் அளந்து பார்த்து எழுதியது. அதை ஒரு பிள்ளை விட்டுவிட்டால் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிட்டுத்தான் மறு வேலை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து சிஸ்டர் திருந்திவிட்டார். “ஒண்ணு பாயின்ட் எட்டு ரெண்டு சைபர். போதுமா டீச்சர்?” என்று ராகம் போட்டுச் சொல்வார். அதாவது 1.820. முந்தைய நாள் 1.800; இருபது கிராம் ஏறியிருக்கிறது. கிலோவில் சொன்னால் 0.020. முன்னால் நிற்கும் சைபர்களை நினைத்துக்கொண்டே வராந்தாவைப் பார்ப்பேன். மாமியாரின் சொந்தக்காரர்கள் பெஞ்சு முழுக்க இடம் பிடித்து உட்கார்ந்து, யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்று என்று பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த நாட்களில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஒரு காலை எடை ஏறவே இல்லை. முந்தைய நாளும் 1.870, அன்றும் 1.870. என் மாமியார் பெருமூச்சு விட்டார். “ஒண்ணுமில்லையாம்மா இன்னைக்கு?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இறங்கவில்லையே மாமி என்று சொல்ல நினைத்தேன். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்ற அந்தச் சைபரைக் கையில் இறுக்கி வைத்துக்கொண்டதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மெல்ல ஏறியது. ஒரு காலை 1.960 என்று சிஸ்டர் சொன்னபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். மாமிதான் கேட்டுக்கொண்டார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் அவர் போனில் ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார். “அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு கிலோ ஆயிட்டு!” சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் கால் தரையில் இல்லை. நேரே போய்ச் சிஸ்டரிடம் கேட்டேன்.

“யாரு சொன்னா டீச்சர்? ஒண்ணு பாயின்ட் ஒம்போது ஆறு சைபர். இன்னும் நாப்பது கிராம் இருக்குல்ல?”

அதற்குள் என் கணவர் துபாயிலிருந்து வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். அங்கே சிமென்ட் கோடவுனில் ஸ்டோர் கீப்பர். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“ரூம்ல எல்லாருக்கும் லட்டு குடுத்துட்டேன். எப்ப வீட்டுக்குப் போறீங்க?”

“யாரு சொன்னா ரெண்டுன்னு?”

“உம்மாதான். ஏன், என்ன ஆச்சு?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். “நாப்பது கிராமுக்கா இந்த மூஞ்சி? எங்க கோடவுன்ல ஒரு லோடு இருவதாயிரம் கிலோன்னு எழுதுவோம். அம்பது கிலோ முன்னப்பின்ன இருக்கும். யாரு பாக்குறா?”

“அந்தச் சைபரை யாரும் அளக்கல மச்சான். சும்மா பின்னால ஒட்டிக்கிட்டு வருது. இங்க நாப்பது கிராம்னா அவ மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் குடிக்கிற பால். உங்களுக்கு என்ன தெரியும்?”

கோபமாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது என்று அன்றுதான் அவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். “சரி புள்ள,” என்றார் அவர். “குடுத்த லட்டைத் திருப்பிக் கேக்க முடியாது. நீ சொல்ற அன்னைக்கு இன்னொரு தடவ வாங்குறேன்.”

அதற்குப் பிறகும் காலைகள் வந்தன. திரை உப்பியது, அடங்கியது. ஒரு காலை சிஸ்டர் கதவை முழுசாகத் திறந்தார். “உள்ள வாங்க டீச்சர். நீங்களே பாத்துக்குங்க. உங்களுக்கு வாயால சொல்லி மாளாது.”

அன்றுதான் அந்தத் தராசைப் பார்த்தேன். தட்டில் துணி விரித்திருந்தது. சிஸ்டர் ஒரு பொத்தானை அழுத்தியதும் 0.000 என்று வந்தது. காலித் தட்டு. நான்கு சைபரும் ஆடாமல் அசையாமல் நின்றன. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணை எடுத்துப் பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்தேன்.

சிஸ்டர் மகளைத் தூக்கித் தட்டில் வைத்தார். 1.995 என்று வந்தது. உடனே 2.005. பிறகு 2.000. மறுபடி 2.005. அவள் அழவில்லை, காலை உதைக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். விலாவுக்குக் கீழே வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது ஏறும்போதும் இறங்கும்போதும் திரையில் எண் மாறியது. எந்த அளவிலும் கடைசி இலக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போட்டிருக்கிறேன். அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

“நிக்க மாட்டேங்குதே,” என்றார் சிஸ்டர். “கொஞ்சம் பொறுங்க டீச்சர். நின்னதும் சரியா சைபரோட சொல்றேன்.”

“நிக்க வேணாம் சிஸ்டர்,” என்றேன். “அது பாட்டுக்கு ஆடட்டும்.”

டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போதும், துணியைச் சுத்துங்க. வீட்டுக்குப் போகட்டும்,” என்றார்.

மாமி கதவுக்கு வெளியே எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எவ்வளவும்மா? சரியாச் சொல்லு, எவ்வளவு?”

“ரெண்டு கிலோ மாமி,” என்றேன்.