பேஸுக்கு ஒரு மாலை

அப்பா பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பார். மாலையில் ஒரு ஜாஸ் இசைக்குழுவில் பேஸ் என்னும் தந்தி வாத்தியம் வாசிப்பார். ஆளைவிட உயரமான அந்த வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி எப்போதும் பின்வரிசையில்தான் நிற்பார். ஒவ்வொரு ஜாஸ் பருவத்திலும் சாக்சபோனுக்கென்று ஒரு மாலைக் கச்சேரி உண்டு, பியானோவுக்கு உண்டு, டிரம்பெட்டுக்கும் உண்டு. இந்த வருடம்தான் கடைசி மாலையை பேஸுக்குக் கொடுத்தார்கள்.

அதற்குள் அவருக்கு நுரையீரல் நோய் முற்றியிருந்தது. கச்சேரி நடக்கும் அரங்கின் ஒலிப் பொறியாளர் நான்தான். ஒத்திகையைப் பதிவு செய்தேன். அவருடைய தனி வாசிப்பின் நடுவே இருமல் வந்துவிட்டது.

"இருமலை வெட்டிடும்மா. வாத்தியத்துக்கே சளி பிடிச்சிருச்சும்பாங்க" என்று சிரித்தார். "நேர்ல நல்லா வாசிச்சிடுவேன்."

அந்த வாரமே இறந்துவிட்டார்.

குழுவில் பியானோ வாசிக்கும் மாமா கேட்டார்: "அப்பா வாசிச்சது உங்கிட்ட இருக்குல்ல? போடும்மா, நாங்க கூடவே வாசிக்கிறோம்."

இருமலை வெட்டுவது எனக்கு ஒரு நிமிட வேலை. வெட்டவில்லை. அவர் மூச்சு என்று என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

பேஸுக்கான அந்த மாலையில் பதிவை ஓடவிட்டேன். இருமல் வந்ததும் பியானோ நின்றது. டிரம்ஸும் நின்றது. அரங்கு முழுக்க அப்பா இருமினார். முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம். பிறகு, விட்ட இடத்திலிருந்து அவர் வாசித்தார்.