தெற்கு மூலைத் திட்டு

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறி, ஒரு பழைய வீட்டை வாங்கினோம். கிணற்றுத் தண்ணீரைக்கூடச் சோதித்துப் பார்த்த எங்களுக்கு, தோட்டத்துத் தெற்கு மூலையில் இருந்த சிமென்ட் திட்டைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. நல்ல வெயில் விழும் இடம். அதன்மேல்தான் கூழ்வத்தல் காயப்போடுவேன்.

ஒருநாள் சாயங்காலம், வீட்டை விற்ற பெரியவர் கையில் விளக்கோடு வந்தார்.

"அம்மையை இவிடத்தான் தகனம் செய்தது, மோளே. இன்னைக்குத் திவசம். ஒரு விளக்கு வச்சுக்கட்டே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வீட்டுத் தோட்டத்திலயா எரிச்சீங்க? ஏன் சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"இவிட பலரும் அங்ஙனதானே" என்றார். நான் அதிர்ந்ததுதான் அவருக்கு அதிசயமாக இருந்தது.

இத்தனை நாள் அந்த வத்தலைத்தான் பொரித்துத் தின்றிருக்கிறோம். பதறிப்போய் வத்தல் துணியை இழுத்தேன்.

"கிடக்கட்டும் மோளே. அம்மையும் இந்த வெயில்லதான் மாங்கா காயப்போடும்."

துணியில் படாமல், ஓரமாக விளக்கை வைத்துக் கும்பிட்டார்.

அவர் போகட்டும், தலைமுழுக வேண்டும் என்று நின்றிருந்தேன். சுடுகாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள் எங்கள் ஊரில். அவரோ வாசல் கேட் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று நான் தலைமுழுகவில்லை.