உமிச்சுவரைக் குளிர வைத்த நாள்

இந்த ஊரில் சுவரைத் தட்டினால், ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டியது போலச் சத்தம் வருகிறது. கனடாவில் இந்த வின்னிபெக்குக்கு வந்து நான்கு குளிர்காலம் போய்விட்டது, இன்னும் பழகவில்லை. செங்கல் கிடையாது. மரச்சட்டங்களை நிறுத்தி, இடையில் கிளாஸ் வூல் என்ற பஞ்சை அடைத்து, பலகையால் மூடிவிடுகிறார்கள். குளிரைத் தடுக்கும் அந்தப் பஞ்சுக்குள்தான் நான் கேபிள் இழுக்கிறேன். சட்டத்தின் நட்டநடுவில் துளை போட வேண்டும், நாளைக்கு யாராவது படம் மாட்ட ஆணி அடித்தாலும் கேபிளை எட்டக்கூடாது. பஞ்சை நசுக்காமல் இரண்டாகப் பிளந்து கேபிளை நடுவில் விட வேண்டும். முக்கியமாக, கம்பி தடிமனாக இருக்க வேண்டும், ஏனென்றால் பஞ்சுக்குள் பிறக்கிற சூட்டுக்கு வெளியே போக வழி இல்லை. இதையெல்லாம் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சூட்டைப் பற்றிய பாடம் வந்தபோது நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

வேலை முடிந்ததும் சுவர் நெடுக உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். போன மாதம் அதைப் பார்த்த ஒரு வீட்டுக்காரம்மா, உங்கள் நாட்டில் புது வீட்டை இப்படித்தான் ஆசீர்வதிப்பார்களா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவள் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவர் விஷயத்தில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் நான் உத்திரமேரூரில் வயர்மேன். அப்போது எங்கள் பக்கம் சுவருக்குள் வயர் போகாது. சுவர்மேல் மெல்லிய மரச்சட்டம் அடித்து, அதன்மேல் கிளிப் போட்டு, ஊர் பார்க்க ஓடும். கோணலாகப் போனால் தெருவே சிரிக்கும். நெல் மிஷின் வைத்திருந்த கன்னியப்ப நைனாவுக்கு மட்டும் ஆசை வேறு மாதிரி. ஐஸ் கட்டியை உமியில் புதைத்தால் உருகுவதில்லை என்று வாலாஜாபாத்தில் பார்த்திருக்கிறார். மகள் வசந்தாவின் பிரசவத்துக்காக இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் தன் மிஷின் உமியையே கொட்டி ஓர் அறை கட்டினார்.

"வெய்யிலும் உள்ள வராது, பனியும் உள்ள வராது ஏகாம்பரம். வயரு கண்ணுல படக்கூடாது. செவுத்துக்குள்ளயே வுட்டுடு."

"பைப் வேணும் நைனா. வாலாஜாபாத் போயி வாங்கியாரணும்."

"நாள் நெருங்கிக்கினு கீதுப்பா."

பைப் இல்லாமலே விட்டேன். கையில் இருந்தது லைட்டுக்கான மெல்லிய வயர். பிளக் பாயின்ட்டுக்கும் அதையே இழுத்தேன். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எவன் பார்க்கப் போகிறான் என்ற திமிர்.

குழந்தை பிறந்து இருபது நாள் இருக்கும், மார்கழி மாதம். மிஷினில் மோட்டார் பார்க்கப் போனவன், காலையில் அப்படியே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். வசந்தா சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வாண்ணா. இந்தச் செவுத்தத் தொட்டுப் பாரு. எங்கம்மா மடி மாரி கீது."

அவள் அம்மா செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"பொரி வறுக்கற வாசன வருது பாரு. அம்மாவோட வாசன. புள்ள அழுவறதே இல்லண்ணா. அம்மாதான் தூங்க வெச்சிக்கினு கீது."

தொட்டேன். சுவர் முழுக்கச் சூடு இல்லை. ஒரு கோடு மாதிரி, நான் வயர் விட்ட வழியில் மட்டும், உயிருள்ள உடம்பின் கதகதப்பு. அது முடிகிற இடத்தில் பிளக்கில் கரண்ட் அடுப்பு, அதன்மேல் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டிலை ஆட்டிப் பார்த்தேன். குழந்தை அசையவில்லை. உமியில் பிடித்த நெருப்பு கொழுந்து விடாது, நாள்கணக்கில் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். அது விடுகிற, ஆளை மயக்கிக் கொல்லும் காற்றின் பெயரை இங்கே வந்துதான் படித்தேன்.

வெளியே வா என்றால், "அம்மாவ வுட்டுட்டா?" என்கிறாள். இது என் வயர், என் தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னது வேறு.

"அம்மாவுக்குச் சூடு தாங்கல வசந்தா. குளிர வெக்கணும்னு சொல்லுது. புள்ளயத் தூக்கிக்கினு வெளிய வா."

மறுபேச்சில்லாமல் வந்தாள். வேப்பமரத்தடியில் முகத்தில் தண்ணீர் தெளித்து வெகுநேரம் கழித்துக் குழந்தை அழுதது. நான் மெயினை நிறுத்திவிட்டு, சுவரின் தலையில் செங்கற்களைப் பெயர்த்தேன். வீட்டார் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் தந்தார்கள், அம்மனுக்கு ஊற்றுவது போல நான் ஊற்றினேன். சுவருக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. ஆவிதான். நைனா கைகூப்பி அழுதார்.

அந்த அறையைப் பூட்டி வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றினார்கள். தெருவில் பெண்கள் என்னை நிறுத்தி, "எங்க வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். போன இடமெல்லாம் செத்தவர்களின் விசாரிப்பு. பிழைப்புக்காக வெளிநாடு வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், உண்மையில் அதற்குப் பயந்துதான் ஓடி வந்தேன்.

இந்தக் கோடையில் வசந்தாவின் கடிதம் வந்தது. அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த மகன் இப்போது அந்த அறையில் படுக்க ஆசைப்படுகிறானாம், புது வயர்மேன் கரண்ட் கொடுக்கத் தயாராம். அம்மா உன்னிடம்தானே பேசினாள், நீ சரி என்றால் திறப்போம் என்று எழுதியிருந்தாள். உமி இதற்குள் காய்ந்து கிடக்கும், என் வயரும் அதற்குள்தான். "அம்மா வேணாங்குது" என்று ஒரு வரி எழுதினால் போதும், பையனும் பிழைப்பான், என் மானமும் பிழைக்கும். மூன்று நாள் பேனாவைக் கையில் வைத்திருந்தேன். கடைசியில் உண்மையை எழுதிப் போட்டேன். அம்மா பேசவில்லை, அது என் வயர், சுவரை இடித்துவிடு.

பதில் நேற்று வந்தது.

"இடிச்சிட்டோம்ணா. உள்ள தொட்டில் ஒசரத்துக்குக் கரி. உம்மேல கோவம் இல்ல, புள்ள இருக்கறதே உன்னாலதான். ஆனா ஒண்ணு. நீ மேல தண்ணி ஊத்திக்கினு இருந்தப்ப, நான் செவுத்துல வாய வெச்சி, உன்ன வுட்டுட்டு வந்துட்டேன், மன்னிச்சிடும்மான்னேன். சரிம்மான்னு உள்ளேர்ந்து கேட்டுச்சு. அம்மா இல்லன்னு நீ சொன்னா, அது யாருண்ணா?"

பதில் எழுத உட்கார்ந்தவன், பழைய ஃபியூஸ் கேரியரை எடுத்துக் காகிதத்தின்மேல் பாரமாக வைத்தேன். அந்த அறையின் ஃபியூஸ் கம்பி மாட்டிய பீங்கான் கட்டை அது, அன்றைக்குப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டவன், இங்கே வரும்போதும் கொண்டுவந்துவிட்டேன். அது இந்த நாட்டு போர்டு எதிலும் பொருந்தாது. உத்திரமேரூரில் அது உட்கார்ந்திருந்த போர்டும் சுவரோடு போய்விட்டது.